சனிக்கிழமை பிரித்த டிஸ்க்

அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் இருபது மெகாபைட் இடம் இருந்தது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஐந்தாறு புகைப்படங்களுக்கே அது சரியாகப் போய்விடும். எண்பதுகளின் நடுவில், ஜாலான் புசார் சாலையில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்த எங்கள் அச்சுக்கோப்பு நிலையத்தில் அது பெரிய விஷயம். வாடிக்கையாளர் யார் வந்தாலும் முதலாளி பெட்டியைத் தட்டிக் காட்டுவார். "பத்தாயிரம் பக்கம் உள்ள போகும்லா. அப்பவும் இன்னும் பசிக்குதுன்னு சொல்லும்."

கீழே இரும்புச் சாமான் கடை. மாடியில் நாங்கள் மூன்று பேர்: முதலாளி, நான், தமிழ் தட்டச்சுக்கு வந்திருந்த ஒரு பெண். நான் அதற்கு முன் இருபது ஆண்டுகள் ஒரு பத்திரிகையில் பிழை திருத்தியவன். எழுபதுகளில் எல்லாம் ஈய எழுத்து. பக்கத்தின் புரூஃபில் பொறுப்பாசிரியர் கையெழுத்துப் போட்டு, பக்கம் அச்சாகி முடிந்தால், அந்த எழுத்துகளுக்கு வேலை இல்லை. பிரித்துப் பெட்டியில் போடுவோம், தேய்ந்ததை உருக்குவோம். கையெழுத்து விழுந்த தாள்தான் எங்களுக்கு நிஜம். ஈயம் அதைச் செய்ய உதவிய ஒரு பொருள், அவ்வளவுதான். இதைச் சொல்லக் காரணம் உண்டு. அந்தப் பழக்கத்தை நான் பத்திரிகையில் விட்டுவிட்டு வரவில்லை.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். பிடோக்கில் வீடு. எங்களிடம் வருவதற்கு முன் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தாள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு முடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டும் வேலை. மூன்று ஷிஃப்டும் மாறி மாறி வரும். நைட் ஷிஃப்ட் வாரத்தில் தொடக்கப்பள்ளியில் படிக்கும் மகளைக் கதவடியில்தான் பார்ப்பாளாம். "அவ பேக்க மாட்டிக்கிட்டு வெளிய போவா, நான் பேக்கக் கழட்டிக்கிட்டு உள்ள வருவேன். வணக்கம் சொல்லாத கொறைதான் அண்ணே" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

தமிழ் தட்டச்சை மாலை வகுப்பில் கற்றுக்கொண்டு, மூன்று மாதச் சோதனை வேலைக்கு எங்களிடம் வந்திருந்தாள். வரும்போதே ஒரு வேலையையும் கொண்டுவந்தாள். அவளுடைய கிறிஸ்தவப் பங்குக் கோயிலில் திருவிழாவுக்கு ஒரு தமிழ்ப் பாட்டுப் புத்தகம் போடுகிறார்கள், முந்நூறு பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவு. "புத்தகம் நல்லபடியா முடியட்டும், ஒன்ன பெர்மனண்ட் பண்ணிடறேன்" என்று முதலாளி என் முன்னாலேயே சொல்லியிருந்தார். பெர்மனண்ட் ஆனால் அவள் தொழிற்சாலைக்குத் திரும்ப வேண்டாம். ஆகாவிட்டால் தொழிற்சாலையில் அவளுடைய இடம் காத்திருந்தது.

அப்போதுதான் அதே தெருவில் இருந்த ஒரு சிறிய ஹோட்டல் எங்களிடம் வந்தது. மெனு, அறைப் படிவங்கள், பெயர் அட்டை, எல்லாம் ஆங்கிலத்தில், மாதந்தோறும். சிக்கல் என்னவென்றால் எங்கள் கம்ப்யூட்டருக்கு ஆங்கில வேலை தெரியாது. தமிழ் எழுத்துக்கான புரோகிராம் தனக்கென ஒரு சிஸ்டத்தோடு வந்திருந்தது. விற்றவர்களின் டெக்னீஷியன் டிஸ்க் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஆங்கிலப் புரோகிராமுக்கு டாஸ் என்ற இன்னொரு சிஸ்டம் வேண்டும். இயங்குதளம் என்று இன்று சொல்வதை நாங்கள் அப்போது சிஸ்டம் என்போம். ஒரு சிஸ்டம் போட்டது இன்னொன்றுக்குப் புரியாது.

"ரெண்டு வழிதான் எடிட்டர் சார்" என்றார் முதலாளி. நான் எங்கும் எடிட்டராக இருந்ததில்லை. "ஒண்ணு, தமிழத் தூக்கணும். இல்லாட்டி இன்னொரு மெஷின் வாங்கணும். இன்னொரு மெஷின் வாங்க நான் என்ன மந்திரிக்கு மச்சானா?"

அவளுடைய கைகள் விசைப்பலகையில் நின்றதைப் பார்த்தேன்.

"மூணாவது வழி ஒண்ணு இருக்கு" என்றேன். "ஒரே டிஸ்க்க ரெண்டாப் பிரிக்கலாம். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் டாஸ். மேனுவல்ல போட்டிருக்கு."

"ரெண்டும் சேந்து ஓடுமா?"

"ஒரு நேரத்துல ஒண்ணுதான். எது வேணும்னு சொல்லிட்டு மெஷின அணைச்சுப் போடணும்."

"அதாவது ஃப்ளாட்ல ஒரு ரூம வாடகைக்கு விடற மாதிரி."

"அப்படித்தான். ஆனா ரெண்டு ரூமுக்கும் நடுவுல கதவு கெடையாது."

"அப்ப நாங்க வாடகைக்காரங்களா பாஸ்?" என்றாள் அவள், திரும்பாமலே.

"நீ வீட்டுக்காரிம்மா. ஹோட்டல்காரன்தான் வாடகைக்கு வர்றான். ஆனா பெரிய ரூம் அவனுக்கு!"

மூவரும் சிரித்தோம். டாஸுக்குப் பன்னிரண்டு, தமிழுக்கு எட்டு என்று முடிவானது. டெக்னீஷியன் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். நானே செய்கிறேன் என்றேன். தமிழைக் காப்பாற்றுவதற்காக, அவள் வேலையைக் காப்பாற்றுவதற்காக என்று அப்போது நினைத்தேன். அது பொய்யில்லை. ஆனால் ஐம்பதை நெருங்கும் ஈயக்காலத்து ஆள் ஒருவன் கம்ப்யூட்டரைப் பிரித்து வைத்தான் என்று பெயர் எடுக்கும் ஆசையும் அதில் இருந்தது. மேனுவலை பஸ்ஸில் வைத்துப் படித்தேன். பிரித்தால் டிஸ்க்கில் இருப்பது அனைத்தும் அழியும் என்ற வரியைச் சிவப்புப் பென்சிலால் கோடிட்டு வைத்தேன். எனக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை.

அதற்குள் பாட்டுப் புத்தகத்தின் பக்கங்கள் தயாராகி, பாதிரியார் ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டுத் திருப்பியிருந்தார். இரண்டு நாள் கழித்துக் காப்பிக்கடையில் அவள் சொன்னாள்:

"அண்ணே, ஃபாதர் ஆபீஸ்லேருந்து ஃபோன். எழுத்தப் பெருசாக்கணுமாம். வயசானவங்களுக்குக் கண்ணாடி போட்டும் தெரியலயாம்."

"கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சேம்மா."

"போட்டாங்க. இப்ப மாத்திட்டாங்க."

"எழுதிக் குடுத்தாங்களா?"

"ஃபோன்லதான்."

"அப்ப மாறல. பேப்பர்ல வராத வரைக்கும் எதுவும் மாறல. இருபது வருஷ சர்வீஸ் சொல்லுது."

"ஒங்க சர்வீஸுக்கெல்லாம் ஃபாதர் பயப்பட மாட்டாரு. தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

அவள் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தாள். எழுத்தைப் பெரிதாக்குவது ஒரு கட்டளை. அதற்குப் பின் வருவதுதான் வேலை. எல்லாப் பக்கங்களும் நகர்ந்துவிடும். பாடிக்கொண்டிருக்கும்போது யாரும் தாளைத் திருப்ப வேண்டியிருக்கக் கூடாது என்று ஒவ்வொரு பாட்டையும் எதிரெதிர்ப் பக்கங்களுக்குள் அடக்கினாள். சிலவற்றின் வரிசையை மாற்றினாள். எண்களை மாற்றினாள். கடைசியில் இருந்த முதலடி அகராதியை மறுபடி செய்தாள். எல்லாம் திரையிலேயே. ஈயத்தைத் தொடாதவள் என்பதால் திருத்தத்தை முதலில் தாளில் போட வேண்டும் என்ற எங்கள் வழக்கம் அவளுக்கு இல்லை. இரண்டு வாரம் அப்படிப் போனது. நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சங்கத்தின் ஆண்டுமலரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

டிஸ்க்கைப் பிரிப்பது புதன்கிழமை, அவளையும் வைத்துக்கொண்டு, என்றுதான் பேச்சு. அதற்கு முந்திய சனிக்கிழமை அரைநாள் வேலை. மகளின் மறைக்கல்வி வகுப்பில் ஏதோ நிகழ்ச்சி என்று அவள் பன்னிரண்டுக்கே கிளம்பிவிட்டாள். ஒரு மணிக்கு முதலாளி சாவியை என் மேசையில் வைத்தார்.

"எடிட்டர் சார், இன்னிக்கே முடிச்சிருங்களேன். ஹோட்டல்காரன் திங்கக்கிழமை காலையில வந்து நிக்கப்போறான்."

"புதன்னு சொன்னோமே பாஸ்."

"புக்குதான் கையெழுத்தாகி வந்திருச்சே. வேற என்ன இருக்கு?"

வேறு என்ன இருக்கிறது என்று நானும் நினைத்தேன். அலமாரியில் அந்தப் பக்கங்களின் பழுப்பு உறை இருந்தது. திறந்து பார்த்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். எல்லாவற்றிலும் கையெழுத்து. ஒரு பக்கமும் விட்டுப்போகவில்லை. எழுத்தைப் பெரிதாக்கச் சொன்ன விஷயத்தை மறந்துவிட்டேன் என்று பல ஆண்டுகள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. தாளில் இல்லாததால் அது என் மனத்தில் பதியவில்லை என்பது மற்றப் பாதி.

பிறகு டிஸ்க்கில் இருந்த கோப்புகளின் பட்டியலைத் திரையில் போட்டேன். தமிழுக்கு எட்டு மெகாபைட் போதுமா என்று பார்க்க அளவுகளைக் கூட்டினேன். அளவுக்குப் பக்கத்திலேயே தேதியும் இருந்தது. பாட்டுப் புத்தகக் கோப்புகளில் அன்றைய தேதி இருந்திருக்க வேண்டும். இருபது ஆண்டுகள் பக்கங்களில் தேதி சரிபார்த்துச் சம்பளம் வாங்கியவன் அந்த வரிசையைப் பார்க்கவில்லை.

இழுப்பறையில் நகல் எடுத்து வைக்கும் மெல்லிய தகடுகள், இரண்டு புது டிஸ்கட்டுகள், இருந்தன. அந்தப் புத்தகம் முழுவதும் அவற்றில் அடங்கியிருக்கும். மேனுவல் சொன்னபடி, இரண்டு சிஸ்டங்களின் மூல டிஸ்கட்டுகளுக்கு நகல் எடுக்க அவற்றைப் பயன்படுத்தினேன். தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் கோயிலில் இருப்பாள், வீட்டில் இருக்க மாட்டாள் என்று நினைத்து எடுக்கவில்லை. மாலையில் கூப்பிட்டிருக்கலாம். திங்கள் காலைவரை நேரம் இருந்தது. கீழே இரும்புக்கடைக்காரர் கதவை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

எல்லாம் அழியும், தொடரவா என்று திரை கேட்டது. ஆம் என்பதற்கான எழுத்தைத் தட்டினேன்.

நான்கு மணிக்குள் இரண்டு சிஸ்டமும் ஓடின. தமிழைத் தேர்ந்து அணைத்துப் போட்டால் தமிழ் வந்தது. டாஸைத் தேர்ந்து போட்டால் டாஸ் வந்தது. ஆறேழு முறை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கதவைப் பூட்டிவிட்டு ஃபேரர் பார்க் பக்கம் நடந்து புரோட்டா சாப்பிட்டேன். திடலில் நடந்த கால்பந்தாட்டத்தை முடியும்வரை நின்று பார்த்தேன். அந்த வாரத்தில் நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்த நேரம் அதுதான்.

திங்கட்கிழமை நான் படியேறும்போதே முதலாளி டாஸ் திரையின் முன் நின்று கைதட்டினார். அவளும் வந்தாள். "முடிச்சிட்டீங்களா அண்ணே? புதன்கிழமைன்னீங்க" என்றாள். தமிழுக்கு மாற்றிக் கொடுத்தேன். உட்கார்ந்து மெஷினிடம் கோப்புப் பட்டியலைக் கேட்டாள். இன்னொரு முறை கேட்டாள்.

"புக்கு எங்கண்ணே?"

"பக்கம் எல்லாம் உறையில இருக்கேம்மா."

"அது பழசுண்ணே. சின்ன எழுத்து." நாற்காலியைத் திருப்பினாள். "டிஸ்கட்ல எடுத்து வெச்சிருப்பீங்கள்ல?"

நான் அலமாரியில் இருந்த உறையைப் பார்த்தேன். முதலாளி வந்தார்.

"என்னா ஆச்சு?"

"புக்கு இல்ல பாஸ். பெரிய எழுத்துல மாத்தினது."

"மாத்தினியா? காப்பி எடுத்து வெக்கலயா நீ?"

"இன்னிக்கு எடுக்கலாம்னு ரெண்டு டிஸ்கட் வெச்சிருந்தேன்."

"இன்னிக்கா? ரெண்டு வாரமா என்ன பண்ணிக்கிட்டு இருந்த?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அழுகையோ கோபமோ இல்லை. அடுத்தவர் பேச வேண்டிய இடத்தில் நாம் காத்திருப்போமே, அப்படிப் பார்த்தாள்.

"டிஸ்க்கப் பிரிச்சா உள்ள இருக்கிறது போயிடும்" என்றேன். "அது மேனுவல்லயே இருக்கு."

அது உண்மையான வாக்கியம். அதைச் செய்த நான் அதில் இல்லை. காப்பிக்கடையில் அவள் என்னிடம் சொன்னதும் இல்லை, புதன்கிழமைப் பேச்சும் இல்லை. முதலாளி அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுபடி முதலிலிருந்து அடித்துத் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன் என்றாள். திருவிழாவுக்குள் முடியாது என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். உறையில் இருந்த சின்ன எழுத்துப் பக்கங்களை வைத்தே புத்தகம் அச்சானது. பங்கு மக்களுக்கு முன்னால் அவள் கேட்டு வாங்கிய வேலை. யார் என்ன சொன்னார்களோ, எனக்குத் தெரியாது. சோதனைக் காலம் முடிந்த வாரம் முதலாளி அவளை உள்ளே கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசினார். வெளியே வந்து தன் கோப்பையையும் குடையையும் எடுத்துப் பையில் போட்டாள்.

"நா இன்னொரு தடவ பேசிப் பாக்கட்டா?" என்றேன். இன்னொரு தடவை என்றேன், முதல் தடவை பேசியவனைப் போல.

"வேணாண்ணே. அடுத்த வாரம் ஃபேக்டரி லைனுக்கு வரச் சொல்லிட்டாங்க." படியில் இறங்கும் முன் நின்றாள். "சிஸ்டம் நல்லாத்தான் ஓடுது."

அவள் போன பிறகு தமிழ் வேலை நின்றுவிடவில்லை. மெலிந்தது. ஒரு விரலால் தேடித் தேடி நானே தட்டினேன். வாரத்துக்கு ஒரு முறைதான் அந்தப் பகுதிக்கு மாற்றினோம். நான்கு மாதம் கழித்து முதலாளி, "அந்த எட்டையும் ஹோட்டல்காரனுக்கே குடுத்திருங்க" என்றார். செய்தேன். இந்த முறை தமிழில் இருந்த அனைத்தையும் பதினொரு டிஸ்கட்டில் நகல் எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி ஒட்டினேன். யாரும் அவற்றைக் கேட்கவில்லை.

வேலை முடிந்ததும் முதலாளியின் மேசைக்குப் போனேன். அந்தச் சனிக்கிழமை நடந்ததை வரிசையாகச் சொன்னேன். பெரிய எழுத்து விஷயத்தை அவள் என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள், அவளிடம் கேட்காமல் நான்தான் அழித்தேன் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"தெரியும்லா எடிட்டர் சார். எனக்கென்ன கண்ணில்லையா? சாவியக் குடுத்ததே நான்தான்."

"அப்பறம் ஏன் அவள அனுப்பினீங்க?"

"தமிழுக்கு முழு ஆள் வெக்கிற அளவுக்கு வேலை வரல. ஆனா வாயத் தொறந்து சொல்லிட்டேன், பெர்மனண்ட்னு. எப்படி அனுப்பறதுன்னு பாத்துக்கிட்டிருந்தேன்." மேசை மேல் இருந்த பேனாவை நகர்த்தினார். "நீங்க அன்னிக்கே அவ முன்னால சொல்லியிருந்தா என்னால அனுப்பியிருக்க முடியாது. எந்த முகத்த வெச்சிக்கிட்டு அனுப்பறது? நீங்க சொல்லல. எனக்குச் சுலபமாப் போச்சு."

நான் பேசாமல் இருந்ததால் என் வேலை நிலைத்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என் வேலைக்கு ஆபத்தே இருந்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய கோயிலுக்குப் போனேன். உள்ளே போகும் வழக்கம் எனக்கு இல்லை. பக்கவாசலில் நின்றேன். தமிழ்ப் பூசை முடியும் நேரம். கடைசிப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. வயதானவர்கள் புத்தகத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்திருந்தார்கள். பாட்டின் நடுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் தாளைத் திருப்பினார்கள். அந்த இடத்தில் பாட்டு கொஞ்சம் தேய்ந்து மறுபடி எழுந்தது.

அவள் மகளோடு வெளியே வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "அண்ணே! நீங்க எங்க இங்க?" என்றாள். மகளைத் தண்ணீர் குடிக்க அனுப்பினாள். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். முதலாளி சொன்னதையும் விடாமல் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டாள்.

"அன்னிக்கு நான் பாஸப் பாக்கலண்ணே, ஒங்களத்தான் பாத்தேன்" என்றாள். "சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"தப்புதாம்மா."

"சரி." மகள் வருகிறாளா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு, கொஞ்சம் தயங்கி, "இந்த வாரம் மறுபடி நைட். இப்ப பாஸுக்கே எல்லாம் தெரியும்ங்கிறீங்க. நா வந்து ஒரு வார்த்த கேட்டுப் பாக்கட்டா? தமிழ் இன்னும் அந்த மெஷின்லதானே இருக்கு?"

"இல்லம்மா."

"எடுத்துட்டாங்களா?"

"போன வாரம்."

"யாரு எடுத்தது?"

"நான்தான்" என்றேன்.

அவள் மகள் வரும் பக்கம் திரும்பினாள். மகள் வந்து கையைப் பிடித்ததும், "மாமாவுக்கு பை சொல்லு" என்றாள். குழந்தை சொன்னது. இருவரும் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள்.